மூன்றாவது ஊசிக்கு வந்த ரத்தம்

அன்றைக்கு நான் எறிந்த கத்தி என் கொழுந்தனின் காதுக்கு நாலு விரற்கடை தள்ளிப் போய், கோழித்தீவன மூட்டையில் குத்தி நின்றது. கை நழுவிவிட்டது என்று எழுதிவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். எதற்கு? எறிந்தேன். குறி பார்த்துத்தான் எறிந்தேன். அவன் குனியாமல் இருந்திருந்தால் இதை நான் ஜெயிலில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பேன்.

நானும் என் கணவரும் கொடைக்கானலில், அட்டுவம்பட்டிக்குப் போகிற சாலையோரம் கோழிக்கடை வைத்திருக்கிறோம். கடைக்கு மேலேயே வீடு. வத்தலக்குண்டிலிருந்து கோழிகள் கூண்டு கூண்டாக வண்டியேறி வரும். அறுப்பது, உரிப்பது, வெட்டுவது மூன்றும் என் வேலை. எடை போடுவதும் ஓட்டல்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதும் அவர் வேலை. பனியில் விறைத்த விரல்களோடு விடிகாலையிலிருந்து கோழி அறுக்கிறவளுக்குக் கோபம் வராமல் வேறு என்ன வரும்? எனக்குப் பிறவியிலேயே வரும், அது வேறு விஷயம்.

மூன்று பிள்ளைகள் என் வயிற்றில் வந்து தங்காமல் போயின. முதலாவது எட்டாவது வாரத்தில். இரண்டாவது ஒன்பதாவது வாரத்தில். மூன்றாவதுக்குப் பத்து வாரம் முடிய இரண்டே நாள் இருந்தது. அது கடையில் வைத்தே போனது. கால் வழியே இறங்கிக் காலடியில் தேங்கியது. தரையில் ஏற்கெனவே கோழி ரத்தம் கிடந்ததால் முதலில் எனக்கே அடையாளம் தெரியவில்லை. கையிலிருந்த கோழியை முழுசாக வெட்டி முடித்த பிறகுதான் கீழே குனிந்து பார்த்தேன்.

"உசுரை அறுக்குற கையி. வயித்துல எப்படித் தங்கும்?" என்றாள் எங்கள் தெருக்காரி ஒருத்தி. அரைக் கிலோ ஈரலுக்குக் காத்து நின்றுகொண்டேதான் சொன்னாள்.

"திங்கிற வாயி நாலு பெத்து வச்சிருக்கே, அது எப்படிக்கா?" என்றேன்.

ஈரலை வாங்காமலே போய்விட்டாள். மறுவாரம் வந்தாள். கொடைக்கானல் குளிருக்கு எத்தனை நாள்தான் பருப்பே தின்பாள்?

வழியில் செத்து வருகிற கோழியை அறுத்துப் பார்த்தால் எனக்குக் காரணம் தெரிந்துவிடும். வயிற்றில் நீர் கோத்திருக்கும். ஈரல் வெளுத்திருக்கும். கூண்டில் நெரிபட்டு நெஞ்சு நீலமாகியிருக்கும். மதுரையில் நாங்கள் பார்த்த டாக்டரம்மா எனக்கும் அவருக்கும் இருக்கிற சோதனையெல்லாம் எடுத்துவிட்டு, ஒரு குறையும் இல்லை, காரணம் தெரியவில்லை என்றார். காரணம் இல்லாமல் எப்படி மூன்று உயிர் போகும் என்று மேஜையைக் குத்தினேன். பேனா டப்பா கவிழ்ந்து பேனாக்கள் உருண்டன. அவர் ஒவ்வொன்றாகப் பொறுக்கி வைத்துவிட்டுத்தான் அடுத்த பேச்சைப் பேசினார்.

"புள்ளையில பாதி உங்க வீட்டுக்காரர்மா. அதை வெளி ஆளுன்னு நெனச்சு உங்க உடம்பு எதிர்க்குதோன்னு ஒரு சந்தேகம். அவரு ரத்தத்துல இருந்து வெள்ளை அணுவை மட்டும் பிரிச்சு, உங்க கையில தோலுக்கடியில ஊசியாப் போடலாம். மூணு தடவை. உடம்பு அவரைப் பழகிக்கலாம். பழகாமலும் போகலாம். இதுல பலனே இல்லைங்கிற டாக்டருங்க நெறைய பேரு இருக்காங்க. நான் உத்தரவாதம் தர மாட்டேன்."

அத்தனை சொன்னதில் 'பழகிக்கலாம்' என்ற ஒரு சொல்தான் என் காதில் ஏறியது. போடுங்க என்றேன்.

மலையை விட்டு மதுரைக்கு இறங்கவே நாலு மணி நேரம் ஆகும். காலையில் ரத்தம் கொடுத்தால், பிரித்து ஊசி தயாராக மத்தியானம் ரெண்டு மணி ஆகிவிடும். கடையை நாள் முழுக்கச் சாத்தினால் ஓட்டல்காரர்கள் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். அதனால் அவர் முதல் பஸ்ஸில் போய் ரத்தம் கொடுப்பார். நான் காலை வியாபாரத்தை முடித்து, கடையைக் கொழுந்தனிடம் விட்டுவிட்டுப் பின்னால் போய் ஊசி போட்டுக்கொள்வேன். இப்படித்தான் ஏற்பாடு. முதல் இரண்டு ஊசிக்கும் இப்படித்தான் நடந்தது.

முழங்கைக்குக் கீழே ஐந்தாறு இடத்தில் போடுவார்கள். மூட்டைப்பூச்சி கடித்த மாதிரி சிவந்து வரிசையாகத் தடித்துக்கொள்ளும். ஒரு வாரத்துக்கு அரிப்பு பிடுங்கி எடுக்கும். அந்த அரிப்பு எனக்குப் பிடித்திருந்தது, சிரிக்க வேண்டாம். அவரோடு சண்டை போட வாயைத் திறக்கும்போதெல்லாம் கை அரிக்கும். உள்ளே இவர்தானே கிடக்கிறார் என்று வாயை மூடிக்கொள்வேன். அந்த இரண்டு மாசம் எங்கள் வீட்டில் ஒரு தட்டுகூடப் பறக்கவில்லை. "இந்த ஊசிய வாராவாரம் போடச் சொல்லலாம் போலருக்கே" என்று அவர் கேலி செய்வார்.

மூன்றாவது ஊசி தை மாசத்தில் வந்தது. பிள்ளை தங்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, தைப்பூசத்துக்கு மலைப்பாதை வழியே பழனிக்கு நடந்து போவதாக அவர் மாலை போட்டிருந்தார். கோழிக்கடைக்காரன் மாலை போட்டால் கடைப்பக்கமே எட்டிப் பார்க்க முடியாது. ஆயக்குடியில் அவர் அம்மா வீட்டில், கொய்யாத் தோப்புக்குள் இருந்த குடிசையில் தங்கிக்கொண்டார். மேலே கடையை நானும் கொழுந்தனும் பார்த்துக்கொண்டோம்.

ஊசிக்கு முதல் நாள் அவர் போன் செய்தார்.

"நான் இங்கயிருந்து வெள்ளனே கெளம்பிப் போயி ரத்தம் குடுத்துர்றேன். நீ ரெண்டு மணிக்கு நேரா வந்துரு."

அன்றைக்கே கொழுந்தன், அம்மாவுக்குக் காய்ச்சல் என்று ஆயக்குடிக்குக் கிளம்பிவிட்டான். சரி, அரை நாள் கடையைச் சாத்தினால் என்ன என்று மறுநாள் நானும் பூட்டைப் போட்டுவிட்டு இறங்கினேன்.

ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே, பச்சை வேட்டியும் மாலையும் தாடியுமாக என் கணவர் நின்றுகொண்டிருந்தார்.

"ரத்தம் குடுத்தாச்சா?"

"குடுத்தாச்சு."

"உள்ள வாங்க."

"மாலை போட்ருக்கேன்ல. நீ போயிட்டு வா."

பிள்ளைக்காக இந்த மனுஷன் மாலையோடு ஆஸ்பத்திரி வாசலை மிதித்திருக்கிறாரே என்று நினைத்தேன். அந்த இடத்திலேயே அவர் காலில் விழலாம் போலிருந்தது. எனக்கு அப்படியெல்லாம் தோன்றுவது அபூர்வம். ஊசி போட்டுக்கொண்டு மலையேறியபோது, பஸ்ஸில் யாரும் பார்க்காத நேரத்தில் அந்தத் தடிப்புகளில் முத்தம் வைத்தேன். இதை எழுதும்போது இப்போதும் எனக்குக் காறித் துப்ப வேண்டும் போலிருக்கிறது.

பங்குனியில் நாள் தள்ளியது. ஏழாவது வாரம் ஸ்கேனில் துடிப்பைக் காட்டினார்கள். திரையில் கடுகளவு ஒரு பொட்டு, விட்டு விட்டு மின்னியது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார். இனி பத்தாவது வாரம் வாருங்கள் என்றார் டாக்டரம்மா. பத்து வாரத்தைத் தாண்ட வேண்டும், எனக்கு வேறு ஒன்றும் வேண்டியதில்லை. காலண்டரில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டு வந்தேன்.

மாமியார் ஒரு கூடை கொய்யாவோடு மேலே வந்துவிட்டார். "மாசமா இருக்கவ கோழி அறுக்கக் கூடாது" என்று என் கத்தியைப் பிடுங்கிக் கொழுந்தனிடம் கொடுத்தார். சும்மா சொல்லக்கூடாது, வேளாவேளைக்குச் சோறு போட்டார். எட்டாவது வாரத்தில் ஒரு நாள் பனி விலகி நல்ல வெயில் அடித்தது. மாடியில் உட்கார்ந்து, உப்பும் மிளகாய்ப்பொடியும் தொட்டு நாலு கொய்யா தின்றேன். ஏதோ ஒரு பாட்டைக்கூட முணுமுணுத்தேன். அந்த நாளைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்பதாவது வாரம் முடிந்த மறுநாள். சீசன் நேரம். கீழே சாலையில் டூரிஸ்ட் கார்கள் ஒட்டிக்கொண்டு நின்றன. அடுத்த ஸ்கேனுக்காக ஃபைலை அடுக்கலாம் என்று எடுத்தேன். ஒவ்வொரு ஊசிக்கும் ரத்தம் கொடுத்தவரின் சோதனைத் தாள் ஒன்று அதில் இருந்தது. முதல் தாளில் ஓ பாசிட்டிவ். இரண்டாவது தாளில் ஓ பாசிட்டிவ். மூன்றாவது தாளில் பி பாசிட்டிவ்.

தாளைத் திருப்பிப் பார்த்தேன். ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். பெயர் என் கணவர் பெயர்தான். வயசு அவர் வயசுதான். ரத்தம் மட்டும் வேறு.

மூன்று தாள்களையும் எடுத்துக்கொண்டு கடைக்கு இறங்கினேன். அவர் தராசுக்குப் பின்னால் நின்றார். கொழுந்தன் வெட்டிய கோழியைக் கட்டைமேல் வைத்துவிட்டு, தீவன மூட்டை அடுக்கில் சாய்ந்து உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"ஏங்க, உங்க ரத்தம் மாசத்துக்கு மாசம் மாறுமா?"

அவர் தாளைப் பார்த்தார். அப்புறம் தம்பியைப் பார்த்தார். எனக்கு அந்த ஒரு பார்வை போதுமாயிருந்தது.

"உன் ரத்தம் என்னடா?" என்று கொழுந்தனைக் கேட்டேன்.

"மதினி..."

"என்னன்னு கேட்டேன்."

"பி பாசிட்டிவ்" என்றான். பொய் சொல்லத் தெரியாத பயல். சொல்லத் தெரிந்தவர் தராசில் கையை ஊன்றி நின்றார். முள் ஆடிக்கொண்டிருந்தது.

"மாலையோட ஆஸ்பத்திரிக்குள்ள போயி ரத்தம் சிந்துனா வெரதம் கலைஞ்சிரும், சாமி குத்தமாயிரும்னு அம்மா சொல்லுச்சு" என்றார் என் கணவர். "புள்ளைக்காகப் போட்ட மாலை. அதைக் கலைச்சுப்புட்டு அதே புள்ளைக்கு எப்படி ரத்தம் குடுக்குறது? தேதியத் தள்ளிப் போடலாம்னு சொன்னா நீ ஆடித் தீத்துருவ. அதான் என் ஆதார் கார்டைக் குடுத்துத் தம்பிய அனுப்புனேன். ரெண்டு பேரும் ஒரே சாடை. அவனும் தாடி வச்சிருந்தான்."

ஆக, என் வாய்க்குப் பயந்து ஒரு பொய். சாமிக்குப் பயந்து இன்னொரு பொய். நடுவில் என் கை.

சத்தம் கேட்டு மாமியார் படியிறங்கி வந்தார். பூண்டு உரித்த கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே, "இப்ப என்ன குடி முழுகிப் போச்சுன்னு இந்தக் கத்து கத்துற? அண்ணன் என்ன, தம்பி என்ன? ரெண்டும் என் வயித்துல ஊறுன ஒரே ரத்தம்தானே?" என்றார்.

அவர் அதை மனசாரச் சொன்னார். ஒளித்து வைத்த திருட்டுத்தனம் எதுவும் அந்த முகத்தில் இல்லை. அதுதான் என்னைக் கொளுத்திப் போட்டது.

"ஒரே ரத்தம்தானே அத்தை? அப்ப இன்னிலருந்து கட்டில்லயும் தம்பியே வந்து படுத்துக்கட்டுமா?"

என் கணவர் தராசைச் சுற்றி வந்து என்னை அறைந்தார். கல்யாணமாகி அதுவரை அவர் என்மேல் கை வைத்ததில்லை. காது ஙொய் என்றது. கை தன் பாட்டுக்குக் கட்டைமேலிருந்த கத்தியைத் தேடி எடுத்தது. அறைந்தவரை விட்டுவிட்டு, மூட்டையில் சாய்ந்து டீ கிளாஸோடு உட்கார்ந்திருந்தவன்மேல் அதை எறிந்தேன். ஏன் அவன்மேல்? பாவம், அவன் சொன்னதைச் செய்தவன். ஊசியைக் கண்டாலே மயங்கி விழுகிறவன், அண்ணனுக்காகக் கையை நீட்டியிருக்கிறான். ஆனால் அவன் ரத்தம்தான் என் தோலுக்கடியில் கிடந்தது. நான் முத்தம் வைத்தது அதற்குத்தான். அதைத்தான் குத்திக் கொல்ல நினைத்தேன் போலிருக்கிறது.

அவன் குனிந்தான். கத்தி பின்னால் இருந்த மூட்டையில் இறங்கியது. தீவனம் சரசரவென்று அவன் மடியில் கொட்டியது. நான் அடுத்த கத்திக்குப் பாய்ந்தேன். என் கணவர் மணிக்கட்டைப் பிடித்தார். கடித்தேன். பல்லில் ரத்தம் உப்புக் கரித்தது. ஓ பாசிட்டிவ், வேண்டிய நாளில் வராத ரத்தம். அவர் வலி தாங்காமல் உதறித் தள்ளினார். நான் கோழிக்கூண்டுகள்மேல் போய் விழுந்தேன். ஒரு கூண்டு நொறுங்கி, உள்ளே கிடந்த பதினைந்து கோழிகளும் இறக்கையடித்துக்கொண்டு சாலைக்கு ஓடின. கார்கள் ஹாரன் அடித்தன. ஒரு காரிலிருந்து யாரோ செல்போனை நீட்டிப் படம் பிடித்துச் சிரித்தார்கள்.

"வயித்துப் புள்ளடி! பாவிகளா, வயித்துல புள்ள இருக்குடா!" என்று மாமியார் தலையில் அடித்துக்கொண்டு அலறினார்.

எல்லோரும் நின்றோம். நான் ஈரத்தரையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் அடிவயிற்றைப் பொத்திக்கொண்டேன். தரையைப் பார்க்கவே பயமாக இருந்தது. எது கோழியுடையது, எது என்னுடையது என்று இந்தத் தடவையும் தெரியாமல் போய்விடுமோ?

அன்று ஒன்றும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அந்த வீட்டில் நாலு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடமாடினோம். கொழுந்தன் கிழிந்த மூட்டையை ஊசி நூலால் தைத்தான். மாமியார் பழனி இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே இருந்தார். என் கணவர் கையில் கட்டோடு கதவுக்கு வெளியே படுத்தார். மூன்றாம் நாள் காலையில் பாவாடையில் கறை கண்டது.

சீசன் கூட்டத்தில் மலைப்பாதை முழுக்க வண்டி. கோழி வண்டியில் முன்சீட்டில் என்னை வைத்துக்கொண்டு அவர் ஓட்டினார். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் நின்று நின்று இறங்கினோம். ஹாரனை அமுக்கிப் பிடித்தபடி முன்னால் போகிறவனையெல்லாம் தாயையும் தங்கச்சியையும் இழுத்துத் திட்டினார். அப்படித் திட்டி நான் அவரைப் பார்த்ததே இல்லை. அப்புறம் அழுதார்.

"நான் தள்ளுனதுதான். நான் தள்ளுனதாலதான்."

"ஆமாடா" என்றேன். "நீதான் கொன்ன."

வாயால் அவரைச் சொன்னேன். மனசுக்குள் நான் கத்தியை எறிந்த வேகத்தையும் பாய்ந்த பாய்ச்சலையும் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். எறிந்தபோது அடிவயிற்றில் ஏதோ சுண்டி இழுத்ததே, அதுதானா?

டாக்டரம்மா ஸ்கேன் கருவியை வயிற்றில் வைத்து இப்படியும் அப்படியும் நகர்த்தினார். கடுகு இருந்தது. மின்னவில்லை.

"துடிப்பு இல்லைம்மா" என்றார். அளந்தார். மறுபடியும் அளந்தார். "வளர்ச்சி ஏழு வாரம் அஞ்சு நாளுக்குத்தான் இருக்கு. இப்ப உங்களுக்கு ஒன்பதரை ஆகுது. பத்து பன்னெண்டு நாளைக்கு முன்னாடியே நின்னுருக்கு."

"ரெண்டு மூணு நாளைக்கு முன்னாடி... கீழ விழுந்துட்டா. நான் தள்ளி விட்டுட்டேன்" என்றார் என் கணவர். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. அப்பவே உசுரு இல்ல."

நான் என் கணவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று நாளாக இறுகிக் கிடந்த முகம் தளர்ந்தது. தோள் இறங்கியது. வாய் லேசாகத் திறந்து மூச்சு வந்தது. 'அப்பாடா' என்று அவர் சொல்லவில்லை. உடம்பு சொல்லிவிட்டது. வயிற்றில் பூசிய பசை வழிய எழுந்து உட்கார்ந்து, என் பலம் மொத்தத்தையும் சேர்த்து அவரை அறைந்தேன்.

"புள்ள செத்துக் கெடக்கு! உனக்கு மூச்சு வருதாடா?"

நர்ஸ் ஓடிவந்து என் தோளைப் பிடித்தாள். அவர் நகரவில்லை, தடுக்கவுமில்லை.

பிறகு மூன்றாவது தாளைப் பற்றி டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அப்புறம் எங்கள் இருவரையும் வாங்கு வாங்கென்று வாங்கினார். ஆள் மாறினால் நோய் ஒட்டும், என்ன வேண்டுமானாலும் ஆகும், விளையாட்டா இது என்று கத்தினார். கார்டைப் பார்த்துவிட்டு ஆளைப் பார்க்காமல் விட்ட லேப் ஆட்களையும் போனில் திட்டினார். எல்லாம் முடியட்டும் என்று காத்திருந்து, நான் கேட்க வந்ததைக் கேட்டேன்.

"அந்த ரத்தத்தாலதானே போச்சு?"

"தெரியாதும்மா. அவரு ரத்தமாவே இருந்திருந்தாலும் தங்கியிருக்கும்னு என்னால சொல்ல முடியாது. அதனாலதான் போச்சுன்னும் சொல்ல முடியாது."

அவர் 'ஆமாம்' என்று சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். ஆயக்குடி வரைக்கும் போய் மாமியார் வீட்டு வாசலில் நின்று மண்ணை வாரி இறைத்திருப்பேன். ஒரு ஆளாவது கையில் சிக்கியிருக்கும். இப்போது என் கையில் சிக்கியது அந்த வெயில் நாள் ஒன்றுதான். கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் மாடியில் உட்கார்ந்து கொய்யா தின்றுகொண்டு, பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தபோது அது உள்ளே நின்றுபோயிருக்கிறது.

மறுநாள் வயிற்றைச் சுத்தம் செய்ய வரச் சொன்னார்கள். ஆஸ்பத்திரிப் படியில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். அவர் கன்னத்தில் என் நாலு விரலும் தடித்துச் சிவந்திருந்தன. கை மணிக்கட்டில் என் பல். என் கன்னத்தில் அவர் விரல் இருந்த இடம் அதற்குள் ஆறிவிட்டிருந்தது.

"இன்னொன்னு வேணா அறைஞ்சுக்க" என்றார். "எனக்கு ஏன் அப்படி மூச்சு வந்துச்சுன்னு தெரியல. என்ன மனுஷன் நானு."

எனக்குக் கை தூக்க வரவில்லை. மலையில் நான் எறிந்த கத்தியை அவர் ஒரு தடவைகூடச் சொல்லிக் காட்டவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. தனக்கு அறை விழுந்த காரணம் தனக்குத் தெரியும் என்று அவர் நினைக்கிறார். 'அப்பவே உசுரு இல்ல' என்று டாக்டரம்மா சொன்னபோது முதலில் மூச்சு விட்டது நான்தான். அவருக்கு முன்னால். அதை அவரிடம் நான் சொல்லவில்லை.